சொந்தச் சட்டையைக் கொடுத்துப் பாருங்கள்!

அமெரிக்காவில், நெவாடா பாலைவனத்தின் நடுவே ஒரு நகரம் இருக்கிறது. அதன் பெயர் லாஸ் வேகாஸ்.

சூதாட்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே இரவுக்கும் பகலுக்கும் வித்தியாசம் தெரியாது. எந்நேரமும் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். பணத்தை வைத்து ஆடுவதற்கென்றே உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதம் பிறந்ததும், அந்த ஊரில் வேறு ஒரு கூட்டம் வந்து இறங்கும்.

கழுத்தில் அடையாள அட்டை. முதுகில் பை. கையில் செல்போன். இவர்கள் சீட்டாட வந்தவர்கள் அல்ல. நாளைக்கு நம் வீட்டுக்குள் நுழையப்போகிற சாமான்களை இன்றைக்கே பார்க்க வந்தவர்கள்.

வியாபாரிகளின் சந்தை

அங்கே நடப்பது ஒரு பெரிய பொருட்காட்சி. சுருக்கமாக "சி.இ.எஸ்." என்று சொல்வார்கள். வீட்டில் பயன்படும் மின்னணுச் சாமான்கள் எல்லாம் அங்கே வரும்.

டெலிவிஷன், கம்ப்யூட்டர், செல்போன், துணி துவைக்கும் எந்திரம், டிரைவர் இல்லாமல் ஓடும் கார், வீட்டு வேலை செய்யும் ரோபோ என்று எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு ஸ்டால் இருக்கும். சாப்பிடும்போது அவசரப்பட்டால் அதிர்ந்து எச்சரிக்கும் முள்கரண்டிகூட 2013-ல் அங்கே வந்தது!

நம் ஊர்ப் பொருட்காட்சிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அங்கே அப்படிப் போக முடியாது. அது பொதுமக்களுக்கான காட்சி அல்ல. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. 18 வயது நிரம்பாதவர்கள் நுழைய முடியாது.

செய்பவர் வருவார். வாங்கி விற்கிற கடைக்காரர் வருவார். முதல் போடுகிற பணக்காரர் வருவார். பத்திரிகை நிருபர்கள் வருவார்கள்.

இவர்களோடு இன்னொருவரும் வருகிறார். அவர்தான் வலைப்பதிவர்.

யார் இந்தப் பதிவர்?

இணையத்தில் தனக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, தான் கண்டதையும் நினைத்ததையும் எழுதுகிறவர் வலைப்பதிவர். அவருக்கு ஆசிரியர் கிடையாது. அச்சுக்கூடம் கிடையாது. எழுதிய மறு நிமிடமே உலகம் படிக்கும்.

2000-ம் ஆண்டுக்குப் பிறகு இவர்கள் பெருகினார்கள். புதுச் சாமான்களைப் பற்றி மட்டுமே எழுதும் இணைய இதழ்களும் தோன்றின. பொருட்காட்சி நடத்துகிறவர்கள் இவர்களுக்கும் பத்திரிகையாளர் அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். தன் பெயருடன் வெளிவந்த எழுத்தைக் காட்டினால் அட்டை கிடைக்கும்.

நீங்களே அப்படி ஒரு பதிவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதன்முதலாக அந்தச் சந்தைக்குள் காலெடுத்து வைக்கிறீர்கள். எதைப் பார்ப்பீர்கள்? எதை எழுதுவீர்கள்?

இது சாதாரணக் கேள்வி அல்ல. நீங்கள் "ஆகா, அற்புதம்!" என்று எழுதுகிறீர்கள். அதைப் படித்துவிட்டு, எங்கோ ஒரு வீட்டில், மாதாமாதம் மிச்சம் பிடித்த பணத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் கடைக்குப் போகிறார். அந்தப் பணத்துக்கு நீங்களும் ஒரு வகையில் பொறுப்பு.

நூறு கடைகளோடு தொடங்கியது

முதலாவது சி.இ.எஸ். 1967 ஜூன் மாதம் நியூயார்க் நகரத்தில் நடந்தது. அதற்கு முன்பு ரேடியோவும் டெலிவிஷனும், சிகாகோவில் நடந்த இசைக் கருவிப் பொருட்காட்சியில் ஒரு பகுதியாக இடம்பெற்று வந்தன. மின்னணுச் சாமான்கள் பெருகியதும் தனிக் குடித்தனம் வந்துவிட்டார்கள்.

அந்த முதல் ஆண்டில் சுமார் 100 கம்பெனிகள் கடை விரித்தன. 17 ஆயிரத்து 500 பேர் வந்து பார்த்தார்கள்.

1978 முதல் 1994 வரை ஆண்டுக்கு இரண்டு முறை நடந்தது. ஜனவரியில் லாஸ் வேகாஸ். ஜூனில் சிகாகோ. 1998 முதல் ஆண்டுக்கு ஒரு முறை, லாஸ் வேகாசில் மட்டும். கொரோனா காரணமாக 2021-ல் இணையத்திலேயே நடத்தினார்கள்.

நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த பல சாமான்கள் இந்தச் சந்தையில்தான் முதலில் தலைகாட்டின. வீடியோ டேப் எந்திரம் 1970-ல் வந்தது. குறுந்தட்டு வாசிக்கும் கருவி 1981-ல் வந்தது. டி.வி.டி. 1996-ல் வந்தது.

ஒரு ஊரே நடக்கிற மாதிரி!

2025-ல் அங்கே வந்தவர்கள் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல். கடை விரித்தவர்கள் 4 ஆயிரத்து 500-க்கும் மேல். காட்சி நடப்பது நான்கே நாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்டாலுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 4 ஆயிரத்து 500 நிமிடம் ஆகும். அதாவது 75 மணி நேரம். சாப்பாடு இல்லாமல், தூக்கம் இல்லாமல் மூன்று நாளுக்கு மேல் நடந்துகொண்டே இருக்க வேண்டும்!

ஆகவே, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற ஆசையை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும்.

பொருட்காட்சி ஒரே கட்டிடத்திலும் இல்லை. முக்கியமான மாநாட்டு மாளிகை ஒரு பக்கம். அதன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க 25 நிமிடம் பிடிக்கும். 2022 முதல், பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டி அதில் கார் ஓட்டி ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

புதிதாகத் தொழில் தொடங்கிய சின்னக் கம்பெனிகள் இருப்பது வேறு ஒரு கட்டிடத்தில். 2012-ல் இவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கினார்கள். சின்ன மேசை. பின்னால் ஒரு தட்டி. கண்டுபிடித்தவரே நின்று விளக்கம் சொல்வார். பெரிய கம்பெனியில் விளம்பர ஆட்கள் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். இங்கே கேட்ட கேள்விக்குப் பதில் வரும். புதுப் பதிவர் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

பழைய செருப்பும் பழகிய பூட்சும் நல்லவை. புது பூட்ஸ் போட்டுப் போனால் முதல் நாள் மாலையே கொப்புளம் வந்துவிடும். செல்போன் சார்ஜ் மதியமே தீர்ந்துபோகும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தைப் பிடித்து இழுப்பதால், படம் அனுப்புவதும் கஷ்டம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எப்போதும் கைகொடுக்கும்.

சட்டையை விழுங்கிய எந்திரம்

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

2018 சி.இ.எஸ். சமயம், ஜப்பான் கம்பெனி ஒன்று ஓர் அதிசய எந்திரத்தைக் காட்டியது. அதன் பெயர் "லாண்ட்ராய்டு". துணி மடிக்கும் எந்திரம்!

பார்ப்பதற்குப் பெரிய பீரோ மாதிரி இருக்கும். துவைத்து உலர்ந்த துணிகளைக் கீழே உள்ள பெட்டியில் போட வேண்டும். உள்ளே கேமரா இருக்கிறது. இது சட்டை, இது துண்டு என்று அது பார்த்துப் புரிந்துகொள்ளும். எந்திரக் கைகள் எடுத்து மடித்து, தட்டில் அடுக்கும்.

எந்த வீட்டில்தான் இதற்கு ஆசை இருக்காது? கட்டிலில் குவிந்து கிடக்கும் துணி மூட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விடாத தாய்மார்கள் உண்டா?

விலை சுமார் 16 ஆயிரம் டாலர் என்றார்கள். அன்றைய மதிப்பில் 10 லட்சம் ரூபாய்!

ஓர் இணைய இதழின் பெண் நிருபர் அதைப் பார்க்கப் போனார். கம்பெனிக்காரர்கள் தயாராக வைத்திருந்த வண்ணச் சட்டைகளை எந்திரம் மடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தன்னுடைய சட்டையை உள்ளே போட்டார். அது கறுப்புச் சட்டை.

போன சட்டை திரும்பி வரவில்லை!

எந்திரம் விழுங்கிவிட்டது. கம்பெனி என்ஜினீயர்கள் கால் மணி நேரம் இழுத்துப் பிடித்துத்தான் அதை வெளியே எடுத்தார்கள். கறுப்புத் துணியைக் கேமராவால் அடையாளம் காண முடியவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். அவர்கள் தயாராக வைத்திருந்த பளிச்சென்ற சட்டைகள் மட்டும்தான் அதற்குத் தெரிந்தன.

அந்த நிருபர் நடந்ததை நடந்தபடி எழுதினார்.

அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் மாதம், அந்தக் கம்பெனி திவாலானது. எந்திரம் வீடுகளுக்கு வந்து சேரவே இல்லை.

புதுப் பதிவர் ஆயிரம் ஸ்டால் பார்க்க வேண்டியதில்லை. பத்து ஸ்டாலில் நின்று, தன் சொந்தச் சட்டையைக் கொடுத்துப் பார்த்தால் போதும். அவர்கள் சொல்லச் சொல்லும் வாக்கியத்தை விட்டுவிட்டு, தன் வாயில் வருகிற வாக்கியத்தைப் பேசிப் பார்க்க வேண்டும். அவர்கள் வைத்த விளக்கு வெளிச்சத்தை விட்டு, இருட்டு மூலையில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி போட்ட டெலிவிஷன்

எந்திரம் நன்றாக வேலை செய்தால் மட்டும் போதுமா? போதாது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2009 டிசம்பரில் "அவதார்" என்ற ஆங்கிலப் படம் வெளிவந்து சக்கைபோடு போட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், உருவங்கள் திரையை விட்டு வெளியே வருவது போலத் தெரியும் முப்பரிமாணப் படம்.

அடுத்த மாதம், 2010 சி.இ.எஸ். எங்கே திரும்பினாலும் முப்பரிமாண டெலிவிஷன்! பெரிய கம்பெனிகள் எல்லாம் அதையே முன்னால் வைத்தன. இனிமேல் வீட்டுக்கு வீடு இதுதான் என்றார்கள்.

டெலிவிஷன் என்னவோ நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் மாலை நேரத்தில் வீட்டில் நடப்பது என்ன? பாட்டி ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கிறார். அம்மா காய் நறுக்கிக்கொண்டே பார்க்கிறார். பையன் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே ஒரு கண்ணால் பார்க்கிறான். இவர்கள் ஆளுக்கொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து பார்ப்பார்களா?

பார்க்கவில்லை. பார்ப்பதற்குப் போதிய நிகழ்ச்சிகளும் வரவில்லை. 2017-க்குள் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்த ரகத்தைக் கைவிட்டன.

அன்று விலை கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில், அந்தக் கண்ணாடிகள் மேசை இழுப்பறையில் தூங்கின.

ஒரே அறிவிப்பில் கவிழ்ந்த தட்டு

இன்னொரு விதமான ஆபத்தும் உண்டு. இரண்டு கம்பெனிகள் ஒரே வேலைக்கு இரண்டு விதமான சாமான்களைக் கொண்டு வரும். ஒன்றுக்குள் மற்றொன்று பொருந்தாது. கடைசியில் ஒன்றுதான் பிழைக்கும்.

டி.வி.டி.க்குப் பிறகு, இன்னும் துல்லியமாகப் படம் காட்டும் இரண்டு தட்டுகள் வந்தன. தோஷிபா கம்பெனி ஆதரித்தது "எச்.டி. டி.வி.டி." சோனியும் அதன் கூட்டாளிகளும் ஆதரித்தது "புளூ-ரே".

சினிமாக் கம்பெனிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன. வார்னர் நிறுவனம் மட்டும் இரண்டிலும் படம் வெளியிட்டு வந்தது.

2008 ஜனவரி 4. சி.இ.எஸ். தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தன. இனிமேல் புளூ-ரே மட்டும்தான் என்று வார்னர் அறிவித்தது.

எச்.டி. டி.வி.டி. தரப்பார் லாஸ் வேகாசில் நடத்த இருந்த பத்திரிகையாளர் கூட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். பிப்ரவரி 19-ல் தோஷிபா அந்தத் தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. முந்தின மாதம் அந்தக் கருவியை வாங்கியவரின் கதி என்ன? எந்திரம் பழுதாகவில்லை. போட்டுப் பார்க்கப் புதுத் தட்டுதான் வராது.

மவுனமும் இருட்டும்

பொருட்காட்சி மேடையிலும் எதிர்பாராதவை நடக்கும்.

2018-ல் எல்.ஜி. கம்பெனி ஒரு சின்ன ரோபோவை மேடை ஏற்றியது. வீட்டுச் சாமான்களை எல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினார்கள். கம்பெனி அதிகாரி அதனுடன் பேசினார். பதில் இல்லை. இன்னொன்று கேட்டார். பதில் இல்லை. மூன்றாவது முறையும் மவுனம்தான்!

அரங்கம் நிறைய நிருபர்கள். அதிகாரி சிரித்துச் சமாளித்தார்.

அதே வாரம், ஜனவரி 10-ம் தேதி, மாநாட்டு மாளிகையின் மத்திய மண்டபத்தில் திடீரென்று மின்சாரம் நின்றுபோனது. உலகத்தின் மிகப் பெரிய டெலிவிஷன்கள் எல்லாம் இருண்டன. முந்தின நாள் பாலைவனத்தில் நல்ல மழை. டிரான்ஸ்பார்மரில் ஈரம் கோத்துப் பழுது ஏற்பட்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருட்டு.

"எல்லாம் தானாக நடக்கும் வீடு" என்று காட்டிக்கொண்டிருந்த ஸ்டால்கள் என்ன செய்யும்? சும்மா நின்றன. மின்சாரம் இல்லாவிட்டால் இந்தப் பூட்டு திறக்குமா, இணையம் இல்லாவிட்டால் இந்த விளக்கு எரியுமா என்று கேட்க வேண்டும் என்பதை அந்த இருட்டு எல்லோருக்கும் நினைவுபடுத்தியது.

மீண்டும் மீண்டும் வரிசையில் நின்றவர்

பளபளக்கிற சாமான் எல்லாம் பிழைப்பதில்லை. சரி. அப்படியானால் பிழைக்கப்போவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

1988 ஜனவரி. லாஸ் வேகாஸ் சி.இ.எஸ். ஜப்பானில் தொழில் செய்துவந்த ஹெங்க் ரோஜர்ஸ் என்பவர், புது விளையாட்டுகளைத் தேடி ஸ்டால் ஸ்டாலாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. மேலிருந்து கட்டைகள் விழும். இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். சண்டை இல்லை. ஓட்டம் இல்லை. அழகான படங்கள்கூட இல்லை.

ரோஜர்ஸ் ஒருமுறை ஆடிப் பார்த்தார். நகர்ந்து போனார். மீண்டும் வந்து வரிசையில் நின்றார். இன்னொரு முறை ஆடினார். மறுபடியும் வரிசை!

பார்க்க வேண்டிய விளையாட்டுகள் எத்தனையோ இருக்க, இதற்கே ஏன் திரும்பத் திரும்ப வருகிறோம் என்று அவர் யோசித்தார். அங்கேதான் விடை இருந்தது.

அந்த விளையாட்டின் பெயர் "டெட்ரிஸ்". மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் என்ற விஞ்ஞானி 1984-ல் உருவாக்கியது. ரோஜர்ஸ் 1989-ல் மாஸ்கோவுக்கே போய், கையடக்க விளையாட்டுக் கருவிகளுக்கான உரிமையை வாங்கினார். நின்டெண்டோ கம்பெனியின் "கேம் பாய்" என்ற கருவியோடு சேர்ந்து அது உலகத்தையே வலம் வந்தது.

அந்த நின்டெண்டோவும் இதே சந்தையில் ஒருமுறை தலைகுனிந்ததுதான். 1985 ஜனவரியில் தன் விளையாட்டு எந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தது. அமெரிக்காவில் 1983-ல் வீடியோ விளையாட்டு வியாபாரம் படுத்துவிட்டதால், கடைக்காரர்கள் அருகில் வரவே தயங்கினார்கள். ஜூன் மாதம் எந்திரத்தின் உருவத்தை மாற்றி மறுபடியும் கொண்டுவந்தது. அக்டோபரில் நியூயார்க் கடைகளில், விற்காவிட்டால் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி வைத்தது.

விற்றது. அந்த எந்திரம் உலகமெங்கும் 6 கோடிக்கும் மேல் விற்றது!

கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது எளிது. பார்த்துவிட்டுப் போனவர் திரும்பி வருகிறாரா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

அதே வாரம், வேறு ஊரில்

2007 ஜனவரி இரண்டாம் வாரம். உலகத்து நிருபர்கள் பெரும்பாலோர் லாஸ் வேகாசில் இருந்தார்கள்.

ஜனவரி 9-ம் தேதி, அங்கிருந்து சுமார் 400 மைல் தள்ளி சான்பிரான்சிஸ்கோவில், ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு மேடையில் ஏறி "ஐபோன்" என்ற செல்போனை எடுத்துக் காட்டினார்.

அந்த வாரத்தின் பெரிய செய்தி சந்தைக்குள்ளேயே இல்லை! லாஸ் வேகாசில் இருந்தவர்களும் அதைப் பற்றியே பேசினார்கள். எவ்வளவு பெரிய சந்தையானாலும், அதற்கு வெளியேயும் உலகம் இருக்கிறது என்பதைப் பதிவர் மறக்கக்கூடாது.

கையில் இருந்த சின்னக் கருவி

இதுவரை சாமான்களைப் பற்றிப் பேசினோம். எழுதுகிறவரின் நடத்தையையும் கொஞ்சம் பார்ப்போம்.

2008-ல் ஒரு பேர்பெற்ற இணைய இதழைச் சேர்ந்தவர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். எந்த டெலிவிஷனையும் தூரத்திலிருந்தே அணைத்துவிடும் சின்னக் கருவி ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டு சி.இ.எஸ். மண்டபத்தில் உலாவினார்கள். வரிசையாக வைத்திருந்த டெலிவிஷன்கள் பொட்டுப் பொட்டென்று அணைந்தன. ஒரு கம்பெனி ஊழியர் மேடையில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அவர் பின்னால் இருந்த திரையும் அணைந்தது.

அதைப் படம் பிடித்து இணையத்திலும் போட்டார்கள். படிப்பவர்கள் சிரித்தார்கள். பொருட்காட்சி நடத்துகிறவர்கள் சிரிக்கவில்லை. அந்தக் குழுவில் ஒருவர் இனி உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டார்கள்.

"இதனால்தான் பதிவர்களை நிருபர்களோடு சேர்க்கக்கூடாது" என்று பழைய பத்திரிகைக்காரர்கள் சிலர் பேசினார்கள். எங்கோ ஒரு மூலையில் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்த பதிவருக்கும் சேர்த்து அந்தச் சொல் விழுந்தது.

பெர்லினில் நடந்தது

குறும்பு ஒரு பக்கம். இக்கட்டு இன்னொரு பக்கம்.

லாஸ் வேகாஸ் போலவே, ஜெர்மனியில் பெர்லின் நகரத்திலும் ஒரு பெரிய மின்னணுப் பொருட்காட்சி நடக்கிறது. பெயர் "ஐ.எப்.ஏ." அது இன்னும் பழையது. 1924-ல் ரேடியோப் பொருட்காட்சியாகத் தொடங்கியது. 1930-ல் அதைத் திறந்து வைத்துப் பேசியவர் விஞ்ஞானி ஐன்ஸ்டீன்.

2012-ல் இந்தியாவிலிருந்து இரண்டு பதிவர்கள் அங்கே போனார்கள். ஒரு பெரிய செல்போன் கம்பெனியின் செலவில் விமான டிக்கெட். அதே செலவில் தங்கும் இடம்.

அவர்களில் ஒருவர் பிறகு சொன்ன விவரம் இது. பொருட்காட்சியைப் பற்றி எழுதத்தான் வருகிறேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெர்லின் போய் இறங்கினால், கம்பெனி உடை காத்திருந்தது! அதைப் போட்டுக்கொண்டு, ஸ்டாலில் நின்று, கம்பெனியின் செல்போன்களைப் பற்றி மற்ற நிருபர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்றார்கள்.

மாட்டேன் என்றார் அவர். அப்படியானால் திரும்பிப் போகும் டிக்கெட்டும் தங்கும் செலவும் உங்கள் பாடு என்று பதில் வந்ததாம்.

தெரியாத ஊர். கையில் டிக்கெட் இல்லை. நினைத்துப் பாருங்கள்!

விஷயம் இணையத்தில் பரவியது. போட்டிக் கம்பெனி ஒன்று முன்வந்து, அவர்கள் தங்கவும் ஊர் திரும்பவும் ஏற்பாடு செய்தது. புரிந்துகொள்வதில் நேர்ந்த தவறு, யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை என்று முதல் கம்பெனி விளக்கம் கொடுத்து, வருத்தமும் தெரிவித்தது.

உடையைப் போட மறுத்தது பெரிய காரியம். அதே சமயம், உதவி செய்த போட்டிக் கம்பெனிக்கும் அது நல்ல விளம்பரம்தான். பதிவர் ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போனார். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்திருந்தால் இரண்டு கையும் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் எல்லோராலும் சொந்தக் காசில் போக முடியுமா? முடியாது. ஆகவேதான் சட்டம் ஒரு வழி சொல்கிறது.

மறைக்காமல் சொல்லுங்கள்

அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2009 டிசம்பர் 1 முதல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பதிவர் ஒருவர் பணமோ, இலவசச் சாமானோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்து எழுதினால், அதை வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அந்த விதி.

இந்தியாவிலும் 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதே போன்ற நெறிமுறைகளை வெளியிட்டது.

"இந்தப் பயணத்துக்கு இன்ன கம்பெனி செலவு செய்தது." ஒரே ஒரு வரிதான். அதைக் கட்டுரையின் தலைப்பிலேயே போட்டுவிட்டால், வாசகர் அதற்குத் தகுந்தபடி எடை போட்டுப் படித்துக்கொள்வார்.

நாலு கேள்விகள்

ஆக, புதுப் பதிவர் ஒவ்வொரு ஸ்டாலிலும் கேட்க வேண்டியவை நாலு.

ஒன்று: இது எப்போது கடைக்கு வரும்? "விரைவில்" என்று சொன்னால் ஏற்கக்கூடாது. மாதம் சொல்லச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்றே எழுத வேண்டும்.

இரண்டு: என்ன விலை? எந்திரத்துக்கு மட்டுமா, மாதாமாதம் சந்தாவும் கட்ட வேண்டுமா?

மூன்று: நானே இயக்கிப் பார்க்கலாமா? கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினால், அது சாமான் அல்ல, படம்.

நாலு: பழுதானால் யார் பார்ப்பது? கம்பெனி மூடிவிட்டாலும் இது வேலை செய்யுமா?

இந்த நாலு கேள்விக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லும் ஸ்டால்கள் உண்டு. அங்கே ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கலாம்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பார்த்த சாமான்களின் பட்டியலையும், அவர்கள் சொன்ன மாதத்தையும், விலையையும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஜனவரி வருவதற்குள் அந்தப் பட்டியலை எடுத்து, எது வந்தது, எது வரவில்லை, எது சொன்ன விலைக்கு மேல் வந்தது என்று குறித்து, வாசகர்களுக்குத் தெரியும்படி போட வேண்டும்.

சந்தை முடிந்து எல்லோரும் மறந்த பிறகு வரும் இந்தக் கட்டுரையைப் பெரிய கூட்டம் படிக்காது. ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம், கட்டாயம் அதைத் தேடிப் படிக்கும்.